பதினான்காவது ஸ்லைடு

அத்தியாயம் 9

ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி, இரண்டு அடுப்பு. கீழே வெல்டர்கள் போடுகிற தோல் கையுறை தைக்கும் பட்டறை. முதல் மாடியில் அண்ணன் குடும்பம், இரண்டாம் மாடியில் தம்பி குடும்பம். இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் தைப்பதைப் பார்த்துக்கொண்டார், தம்பி விற்பதைப் பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு வெளிநாட்டுக் கடிதம் படிக்க வராது. தம்பிக்கு ஊசியில் நூல் கோக்க வராது. ஒருவர் குறையை இன்னொருவர் மறைத்ததில்தான் குடும்பம் ஒட்டிக்கொண்டு இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அது பிய்ந்தது.

எட்டு வருஷமாகத் தவறாமல் சரக்கெடுத்த வெளிநாட்டுக்காரர் ஒரு மெயில் அனுப்பினார். இதே கையுறையை இதைவிடக் குறைந்த விலைக்குத் தர உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார், அதனால் அடுத்த ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன் என்று இரண்டே வரி. அந்த வெளிநாட்டுக்காரரின் பெயர் வெளியில் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் அண்ணனும் தம்பியும்தான். நான் சொல்லவில்லை, அப்படியானால் சொன்னது யார் என்று அண்ணன் கணக்குப் போட்டார். மூன்றாவது ஆளே இல்லாத கணக்கில் விடை வர எவ்வளவு நேரம் ஆகும்?

கூடவே இருந்து குழி பறித்துவிட்டான் என்று அவர் மாடிப்படியில் நின்று சொன்னது இரண்டாம் மாடிக் கதவைத் தாண்டிப் போய் விழுந்தது. அதற்குப் பிறகு மேலுக்கும் கீழுக்கும் பேச்சு இல்லை. நடுவில் போய் வந்தவர் ஆடிட்டர் ஒருவர்தான். இன்று நாலு மணிக்கு அவர் பிரிவினைப் பத்திரத்தோடு வருகிறார்.

காலையில் அண்ணனின் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. வீட்டில் எல்லோரும் மிளகு என்பார்கள். உருவத்தையும் காரத்தையும் பார்த்துச் சித்தப்பா வைத்த பெயர். இந்த ஒரு வாரத்தில் காரம் எங்கோ போய்விட்டது, உருவம் மட்டும் பாக்கி.

"காலேஜ் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா" என்றார் அப்பா. "பத்திரத்துல நீயும் கையெழுத்துப் போடணும். பதினெட்டு ஆனதும் உன் பேரையும் பட்டறையில பங்குதாரரா சேர்த்தேன் இல்லையா. அதோட மொதல் வேலை இது."

"என்னப்பா எழுதியிருக்கு அதுல?"

"நடந்தது எழுதியிருக்கு. வாங்குறவர் பேரை வெளியில வித்துட்டான். அதனால பட்டறையில அவனுக்குப் பாத்தியதை இல்ல. கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டான். தப்பு பண்ணாதவன் இதுக்கு ஒத்துக்குவானா, நீயே சொல்லு."

 மிளகு பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம் படிப்பதே சித்தப்பாவால்தான். தைக்கத் தெரிந்தவனே தடுமாறுகிறான், விற்பதற்கு ஒரு படிப்பா என்று அப்பா அன்றைக்குக் கதவைச் சாத்தினார். மூன்று நாள் அந்தக் கதவில் முட்டியவர் சித்தப்பா. விண்ணப்பப் படிவத்தைக்கூட அவர்தான் வாங்கி வந்தார். அந்த மனிதரா இப்படிச் செய்தார்?

"அவளைச் சாப்பிட விடுங்க" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். அப்பா எழுந்து கை கழுவப் போனார். அதற்குள் மேலே சித்தி தரையில் எதையோ இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. பெட்டி கட்டுகிறார்கள் போலிருக்கிறது.

*

மிளகின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியாளர் மேசை என்று பெயர். ஒரு மாணவர் நிஜமான ஒரு கம்பெனியை எடுத்து, அது வெளிநாட்டில் எப்படி விற்கிறது என்று ஸ்லைடு போட்டு விளக்குவார். இரண்டு வாரம் கழித்து நாலு பேர் முன்னால் இருக்கும் மேசையில் உட்கார்ந்து, அந்தக் கம்பெனியின் வியாபாரத்தை எப்படித் தட்டிப் பறிப்போம் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு பறிக்கிறார்களோ அவ்வளவு மார்க் அவர்களுக்கு. அவ்வளவும் கம்பெனியைக் கொண்டுவந்தவர் கணக்கில் கழியும். அழுவதென்றால் வெளியே, கேள்வியென்றால் உள்ளே என்று முதல் நாளே சொல்லிவிட்டார் பேராசிரியை.

இன்று மேசையில் இருந்தவர்களுக்குத் தலைவன், டை. தினமும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் அவனுக்கு மாமா. அவன் பறிக்க வந்திருந்தது மிளகின் கம்பெனியை, அதாவது அப்பாவின் பட்டறையை.

அவள் பயப்படாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்லைடு போடும்போது, சித்தப்பா கொடுத்த தாள்களில் வாங்குபவரின் பெயர் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் தேடித் தேடிக் கறுப்புப் பட்டை அடித்திருந்தாள். விலை இல்லை, விலாசம் இல்லை. பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

டை பெயரைக் கேட்கவே இல்லை. பதினான்காவது ஸ்லைடைத் திரையில் போட்டான். ஒரு கோடவுனில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் படம். நம் கோடவுன் பார்க்கச் சகிக்காது, நல்ல படமாக ஒன்று கொடுங்கள் என்று அவள் கேட்டபோது சித்தப்பா போனிலிருந்து அனுப்பியது.

"எல்லா இடத்துலயும் பேரை அழிச்சிருக்கா. பாவம், ரொம்ப உழைச்சிருக்கா" என்றான் டை. "வாசல்ல நாலு பூட்டு. கொல்லைக் கதவு மட்டும் தொறந்து கெடக்கு."

வகுப்பு சிரித்தது. அவன் குச்சியால் பெட்டியின் மேல் ஓர் இடத்தைத் தொட்டான். கறுப்பு மையில் வைர வடிவம், அதற்குள் மூன்று எழுத்து, கீழே ஒரு துறைமுகத்தின் பெயர். கப்பலில் ஆயிரம் பெட்டிக்கு நடுவே தன் பெட்டியை அடையாளம் காண, வாங்குபவர் போடச் சொல்லும் குறி அது. எட்டு வருஷமாக மிளகு அதைப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் அந்தப் பெட்டிகள்மேல் ஏறி விளையாடியிருக்கிறாள். அது ஒரு பெயர் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் கறை மாதிரி, பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்தத் துறைமுகத்தில் கையுறை இறக்குகிறவர்களில் இந்த மூன்று எழுத்துக்காரர் ஒருவர்தான், கண்டுபிடிக்க மாமாவுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை என்று டை விளக்கினான். பிறகு டையை ஒரு தரம் சரிசெய்துகொண்டு அடுத்ததைச் சொன்னான்.

"நாங்க பேப்பர்ல மட்டும் பறிக்கல. மாமா நெஜமாவே ஒரு மெயில் போட்டார். பதிலும் வந்துடுச்சு."

பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். தொடர்ந்து நாலைந்து பேர் தட்டினார்கள். மிளகுக்கு அது கீழே பட்டறையில் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம்போலக் கேட்டது.  ஐயோ, மூன்றாவது ஆள் நானா?

பேராசிரியை தட்டலை நிறுத்தினார். நிஜமாக மெயில் போடச் சொன்னது யார் என்று டையிடம் கேட்டார். இது பயிற்சி, வேட்டை இல்லை, இதைத் துறைத் தலைவர் விசாரிப்பார் என்று சொல்லி அவன் முகத்தில் இருந்த சிரிப்பையும் துடைத்தார். அவர் அடுத்துத் திரும்பியது மிளகின் பக்கம்.

"உன்னைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு. ஆனா பாவத்துக்கு மார்க் கிடையாது. ரகசியத்தைக் காப்பாத்த வேண்டியது அதை வெச்சிருக்கறவங்க. உனக்குப் பூஜ்யம்."

அந்த ஸ்லைடுகளைத் துறையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மிளகு கெஞ்சினாள். எழுதிக் கொடு, ஒரு வாரம் ஆகும் என்றார் பேராசிரியை.

வராந்தாவில் டை பின்னாலேயே வந்தான். அவனும் பயந்துபோயிருந்தான். பயந்தவனுக்கு வாய் இன்னும் நீளும்.

"எதுக்கு இப்படிப் பார்க்கற? நான் என்ன உன் வீடு புகுந்து திருடினேனா? நீ போட்டுக் காட்டின, நாங்க பார்த்தோம்."

"சாயங்காலம் நாலு மணிக்கு எங்க குடும்பம் ரெண்டாகுது, தெரியுமா உனக்கு?"

"அதையும் ஸ்லைடு போட்டுக் கொண்டா" என்றான் அவன். "பூஜ்யத்துக்கு மேல ஏதாவது தேறும்."

*

பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். வழி நெடுக ஒன்றைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அப்பா, நான்தான். இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அப்பாவிடம் போகத் தைரியம் இல்லை. இரண்டாம் மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வா. உங்க அப்பா மனசு குளிர்ந்துச்சான்னு கேட்டுட்டுப் போகத்தானே வந்திருக்க? குளிர்ந்துடும். நாலு மணி ஆகட்டும்."

மிளகு அவளைத் தாண்டிச் சித்தப்பாவின் அறைக்குப் போனாள். அவர் ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். வகுப்பு, மேசை, டை, மாமா, மெயில். 

சித்தப்பா கோபப்படவில்லை. அந்த ஸ்லைடைக் காட்டு என்றார். போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினதுபோல அவர் முகம் வெளுத்தது.

"உங்க அப்பா இதைப் பார்த்தாரா?"

"இல்ல சித்தப்பா."

"இந்தப் படத்தை அழி. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

அழித்தாள். அவர் அனுப்பிய பழைய செய்தியையும் தேடி எடுத்து அழிக்கச் சொன்னார். அதையும் அழித்தாள். பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. இதைச் சொன்னால் அப்பா நாளைக்கே உன்னை மெஷினில் உட்கார வைத்துவிடுவார், அதற்குப் பிறகு காலேஜ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்றார். தான் எப்படியும் போகிறவன், பழி தன்னோடு போகட்டும் என்றார்.

மிளகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் படிப்புக்காக ஒரு மனிதர் திருட்டுப் பட்டம் கட்டிக்கொள்கிறாரே. "நீங்க பண்ணாததுக்கு எப்படி சித்தப்பா..."

"கையெழுத்துப் போடுன்னா போடணும்." அவள் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார். பிடி இறுகியது. "உனக்கு ஃபாரம் வாங்கிக் குடுத்தவன் நான். அந்த நன்றியாவது இருக்கட்டும். வாயைத் தொறந்த, உன் படிப்பு போறதுக்கு நானே வழி பண்ணுவேன்."

சித்தப்பா அவளிடம் இந்தக் குரலில் பேசியதே இல்லை. படியிறங்கும்போது மணிக்கட்டில் நாலு விரலின் தடம் சிவந்திருந்தது. அன்புக்கு இவ்வளவு பிடி எதற்கு என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்போதே விரட்டினாள்.

*

நாலு மணிக்குப் பட்டறையில் மெஷின்களை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். தோல் வெட்டுகிற பெரிய மேசையைத் துடைத்து, அதன்மேல் ஆடிட்டர் பத்திரத்தை விரித்தார். ஒரு பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் சித்தப்பா, நடுவில் மிளகு. அம்மா உள்வாசலிலும் சித்தி படிக்கட்டிலும் நின்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆடிட்டர் வாசித்தார். வாங்குபவரின் பெயரைத் தம்பி வெளியாருக்குத் தெரிவித்ததால் என்ற வரி வந்தபோது சித்தப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாசித்து முடிப்பதற்குள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"பார்த்தீங்களா அவசரத்தை" என்றார் அப்பா, ஆடிட்டரைப் பார்த்து. "இருபத்திரண்டு வருஷம் ஒரு தட்டுல சாப்பிட்டவன். ஒரு வார்த்தை, இல்லன்னு ஒரு வார்த்தை வரலை பாருங்க வாயில."

அவரும் போட்டார். பேனா மிளகின் முன்னால் வந்தது.

எடுத்தாள். பேனா முள்ளைக் காகிதத்தில் வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டால் படிப்பு தங்கும், குடும்பம் போகும். போடாவிட்டால் படிப்பு போகும், குடும்பம் தங்குமா என்பதும் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் தன் தலையில்தான் விழப்போகிறது. விழுவது விழட்டும், பொய்யில் கையெழுத்து வேண்டாம்.

"சித்தப்பா சொல்லலைப்பா. நான்தான்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

"பொண்ணையும் வசியம் பண்ணிட்டியாடா? மத்தியானம் மேல போனாளே, அப்ப சொல்லிக் குடுத்தியா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், அடிப்பார் என்று எல்லாவற்றுக்கும் பயந்து வைத்திருந்தாள். நம்பவே மாட்டார் என்று பயப்படத் தோன்றவில்லை. வகுப்பில் நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அப்பா கையை ஆட்டி நிறுத்தினார். பொட்டியில் போட்ட குறியைப் பார்த்துப் பேரைக் கண்டுபிடித்தார்களாம், யாரிடம் கதை விடுகிறாய் என்றார்.

மிளகு போனை எடுத்தாள். படத்தை அழித்துவிட்டாள்தான். ஆனால் துறையின் இணையப் பக்கத்தில் அது இன்னும் ஒரு வாரம் இருக்கும். பூஜ்யம் வாங்கிய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பதினான்காவதை நிறுத்தினாள்.

"அண்ணா, சின்னப் பொண்ணு ஏதோ ஒளர்றா. கையெழுத்துதான் ஆச்சே, அதை எதுக்குப் பார்த்துக்கிட்டு" என்று சித்தப்பா மேசைமேல் எக்கிக் கையை நீட்டினார்.

அந்த ஒரு வாரத்தில் அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. போனைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெகுநேரம் பார்த்தார். வைரத்தையும் எழுத்தையும் தாண்டி அவர் கண் கீழே இறங்கி, பெட்டியின் மூலையில் போய் நின்றது. அங்கே பெட்டியின் வரிசை எண் இருந்தது. வகுப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அதில் என்ன இருக்கிறது?

"இது எந்த கோடவுன்?" என்றார் அப்பா.

சித்தப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மிளகு, இந்தப் படம் உனக்கு யார் குடுத்தது?"

"சித்தப்பா."

"ஐநூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கு." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் மிளகை அதிகம் பயமுறுத்தியது. "நாம இவருக்கு ஒரு தடவைக்கு அனுப்பறது நானூறு பெட்டி. எட்டு வருஷமா நானூறுதான். ஒண்ணுலேர்ந்து நானூறு வரைக்கும் ஒவ்வொரு பெட்டியிலயும் நம்பர் போடறது நான். என் கையால. நான் ஏழு எழுதினா நடுவுல ஒரு கோடு போடுவேன். இந்த ஏழுல கோடு இல்ல."

ஆடிட்டர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"நானூத்தி ஒண்ணுலேர்ந்து எங்கடா தைக்கற?"

சித்தப்பா வாயைத் திறந்தார். அது பழைய லோடு என்றார். இல்லை, வேறு யாரோ அனுப்பிய படம், தவறி வந்திருக்கும் என்றார். இரண்டு பதிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. மிளகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தடம் இன்னும் இருந்தது. இவர் காப்பாற்றப் பார்த்தது என்னை இல்லை. இந்தப் பத்திரமும் இந்தத் திருட்டுப் பட்டமும் அவருக்கு மலிவு. அதே குறி போட்டு அதே ஆளுக்குத் தனியாகச் சரக்கு அனுப்பிய பெரிய திருட்டை மூட ஒரு சின்னத் திருட்டு.

அப்பா பத்திரத்தை நாலாக மடித்து ஆடிட்டர் கையில் கொடுத்தார். கிழிக்கவில்லை. இது உங்களிடமே இருக்கட்டும், எழுத வேண்டியது வேறு என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை.

"நாளைக்கு காலேஜ் போகாத. என் கூட வா. அந்த கோடவுனைக் கண்டுபிடிக்கணும், அங்க இருக்கற பேப்பரெல்லாம் எனக்குப் படிக்க வராது."

"நாளன்னைக்குப்பா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

படிக்கட்டிலிருந்து சித்தி இறங்கி வந்தாள். புருஷன் பக்கம் திரும்பாமல் மேசை ஓரமாக நடந்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு சாவியை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இவர் சட்டைப் பையில இருந்தது. எந்தப் பூட்டுக்குன்னு ரெண்டு மாசமா கேக்கறேன். பழைய சாவிங்கறார்." அவள் மிளகைப் பார்த்தாள். மத்தியானம் பார்த்த அதே பார்வை, வெறுப்பு ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. "நாளைக்குப் போறீங்களே, அங்க போட்டுப் பாருங்க. தொறந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, உள்ள சரக்கு மட்டும்தான் இருக்கா, இல்ல வேற யாராவது இருக்காங்களான்னு."